பச்சைத் துணியில் ஒரு கிழிசல்

மூன்று வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏற்காடு பஜாரில் மிளகும் ஏலக்காயும் விற்கிற ஒரு கடையின் மாடியில் இருக்கும் பூல் ஹாலில் இது நடந்தது. பூல் ஹால் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற டேபிள் இரண்டே இரண்டு, இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு சிலேட்டு. சேலத்தில் மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பிலிருந்து பாய் அந்த டேபிள்களை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கீழே கடையையும் மேலே ஆட்டத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன். இங்கே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை சிரித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. வெந்நீர் வரவில்லை என்பவரிடமும் சிரிக்க வேண்டும். பனி மூடி ஏரி தெரியவில்லை, அதனால் வாடகையைத் திருப்பிக் கொடு என்று கேட்கிற மனிதரிடமும் சிரிக்க வேண்டும். பனியை நானா பிடித்துக்கொண்டு வந்து ஏரி மேல் போட்டேன்? ஆனால் அப்படிக் கேட்க முடியாது. இரண்டு மணி அடித்ததும் அந்தச் சிரிப்பைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் பாயின் மாடிப்படி ஏறுவேன். அங்கே நான் கோபப்படலாம். அங்கே கோபப்படுவதற்குக் காரணங்களும் குறைவில்லாமல் கிடைத்தன.

ஒருவர் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எந்தக் குழியைப் பார்க்கிறாரோ, சரியாக அந்தக் குழிக்குப் பின்னால் போய் நின்று இன்னொருவர் இடுப்பை ஆட்டிக்கொண்டு போன் பேசுவார். டேபிள் விளிம்பில் டீ கிளாஸை வைப்பார்கள். குச்சி முனையில் தேய்க்கிற சாக்கட்டியைக் கவிழ்த்து வைத்துத் துணியெல்லாம் நீலப் பொடி ஆக்குவார்கள். ஆட்டம் தெரியாதவர்கள்தான் அதிகம் யோசனை சொல்வார்கள். பந்து குழியில் விழாமல் நின்ற அடுத்த நொடி, "கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கணும்" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். ஒரு முறை ஹனிமூனுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவர் டேபிள் மேலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மனைவியைப் போட்டோ எடுக்கச் சொன்னார். ஈர ஜெர்கினோடு. நான் போட்ட சத்தத்தில் கீழே கடையில் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்த பாய் தராசை விட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்.

ஜன்னலைத் திறக்கிறவர்கள்தான் எல்லோரையும்விட மோசம். மலையைப் பார்க்க வேண்டுமாம். ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, பனிதான் உள்ளே வரும். டேபிளின் பச்சைத் துணி அந்த ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து வயற்சேற்றில் போகிற மாதிரிதான் போகும். அதனால் மழை மாதங்களில் தினமும் துணிக்கு இஸ்திரி போட வேண்டும். சட்டைக்குப் போடுகிற அதே இஸ்திரிப் பெட்டிதான். முதலில் பிரஷ்ஷால் தட்டி, பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, ஒரு பழைய பேப்பரில் தேய்த்துப் பார்த்து, பேப்பர் பழுப்பேறவில்லை என்றால்தான் துணியில் வைக்க வேண்டும். ஒரே பக்கமாக, ஒரு இடத்திலும் நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவர்கள் செய்தால் கெடுத்துவிடுவார்கள் என்று பாயிடமே சொல்லியிருந்தேன். அவரும் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஏக பெருமை.

ஞாயிறுதோறும் மாரமங்கலத்திலிருந்து ஒருவர் பஸ்ஸில் வருவார். நாற்பது வயது இருக்கும். காபி எஸ்டேட்டில் வேலை. மிளகு சீசனில் ஏணி போட்டு மரமேறிப் பறிப்பவர். வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கி, பையைப் பாயின் கடையில் வைத்துவிட்டு மேலே வருவார். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை ஆடுவார். வாரத்தில் அவருக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குனிந்து அடிக்கும்போது நாம் போட்டிருக்கும் ஸ்வெட்டர் பக்கத்துப் பந்தில் லேசாக உரசும். மலையில் எல்லோருக்கும் நடப்பதுதான். உரசினால் அது ஃபவுல், முறை எதிராளிக்குப் போய்விடும். எங்கள் ஹாலில் நடுவர் எல்லாம் கிடையாது. உரசியவரே சொன்னால்தான் உண்டு. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இவர் மட்டும் நிமிர்ந்து நின்று, "உரசிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். யார் கண்ணிலும் படாத உரசலைக்கூடச் சொல்வார். அப்படிச் சொல்லியே பல ஆட்டங்களில் தோற்றிருக்கிறார்.

ஒழுங்கு, ஒழுங்கு என்று கத்துகிற எனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவர் பந்தை ஓங்கி அடிப்பார், சில சமயம் பந்து துள்ளிக் கீழே விழும். அதுதான் காரணம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், அவரிடம் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆடக் கற்றுக்கொண்ட ஒரு ஆள், அத்தனை சட்டமும் தெரிந்த என்னைப் பத்து நிமிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவார். எனக்கு எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லாட்ஜிலிருந்து வரும்போதே கொதித்துக்கொண்டுதான் வந்தேன். காலையிலிருந்து ஒரு குடும்பம் என் உயிரை எடுத்திருந்தது. வந்ததும் இரண்டு டேபிளுக்கும் இஸ்திரி போட்டேன். மூன்று மணிக்குள் ஹால் நிரம்பிவிட்டது. நாலு மணி இருக்கும். மாரமங்கலத்துக்காரர் தன் ஊர்க்காரர் ஒருவரோடு ஜன்னல் பக்கத்து டேபிளில் ஆடிக்கொண்டிருந்தார். நான் என் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தேன். அவர் ஓங்கி ஒரு அடி அடித்தார். வெள்ளைப் பந்து டேபிளைச் சுற்றி வந்து, நடுவில் ஒரு இடத்தில் சின்னதாகத் துள்ளி நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

பாயைக் கூப்பிட்டார்கள். அவர் மேலே வந்து கிழிசலைத் தடவிப் பார்த்தார். பாவம், முகம் சுண்டிப்போனது. மற்ற எதற்கும் கோபப்படாதவர் அவர். துணி விஷயத்தில் மட்டும் கறார். சுவரில் அவர் கையாலேயே பெயின்டில் எழுதி வைத்திருந்தார்: துணியைக் கிழித்தவருக்கு இங்கே ஆட்டம் இல்லை.

"யாருங்க கிழிச்சது?" என்று பொதுவாகக் கேட்டார்.

யாரும் வாய் திறக்கும் முன் நான் பேசினேன். "இவருதான் பாய். ஏணியில ஏறி மொளகு புடுங்கற கை. அந்தக் கைக்கு இந்த ஆட்டம் ஆகாதுன்னு நான் அப்பவே நெனச்சேன்."

என் அப்பாவும் எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர்தான். அந்தக் கை போட்ட சோற்றில் வளர்ந்தவன்தான் நான். அது எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் பதறவில்லை. "குச்சி துணியில படலீங்க பாய்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஸ்வெட்டரு உரசினாக்கூடச் சொல்றவன் நானு. துணி கிழிஞ்சா சொல்ல மாட்டனுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அங்கே இருந்த அத்தனை பேருக்கும் உறைத்தது. பாய் தயங்கினார். எனக்கும் உள்ளே ஒரு நொடி, இவர் சொல்வது உண்மைதான் என்று பட்டது. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து தேக்கி வைத்திருந்த கோபம் ஒரு வடிகாலைக் கண்டுபிடித்துவிட்டது.

"சின்னத் தப்பை ஒத்துக்கிட்டு நல்ல பேரு வாங்கி வெச்சாத்தானுங்களே பெரிய தப்பை மறைக்க முடியும்" என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவருடைய ஊர்க்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரமங்கலத்துக்காரர் திருப்பித் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் குச்சியைத் துடைத்து ஸ்டாண்டில் வைத்தார். கீழே போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பாய் அவரைப் போகச் சொல்லவில்லை, சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. தப்புச் செய்தவன்தானே வராமல் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, எனக்கு வார விடுமுறையான புதன்கிழமை காலையில், ஹாலில் நான் மட்டும் இருந்தேன். கிழிந்த இடத்தில் பாய் டேப் ஒட்டியிருந்தார். நான் அடுத்த டேபிளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். பெட்டியைப் பேப்பரில் வைத்ததும் பேப்பர் பழுப்பேறிவிட்டது, சூடு அதிகம். எடுத்துப் பார்த்தால் பெட்டியின் கூர்முனை அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பழுப்பைப் பார்த்துக்கொண்டே பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஏன் என்று உடனே புரியவில்லை. புரிந்ததும் ஜன்னல் பக்கத்து டேபிளுக்குப் போய் டேப்பைப் பிரித்தேன்.

கிழிசலின் இரண்டு ஓரமும் பழுப்பாக இருந்தன. விரலால் தொட்டேன், துணி அப்பளம் போல நொறுங்கியது. பேப்பரைக் கொண்டுவந்து மேலே வைத்தேன். கூர்முனை கிழிசலின் மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது லாட்ஜிலிருந்து போன். காலையில் என்னைப் படுத்திய அதே குடும்பம், பஸ் ஏறிய பிறகும் விடாமல், ரூமில் எதையோ விட்டுவிட்டோம் என்று சண்டை போடுகிறதாம். நான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு கத்தினேன். இன்னொரு கையில் இருந்த பெட்டி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பிறகு துணியில் லேசான ஒரு பளபளப்புத் தெரிந்ததும் ஞாபகம் வந்தது. பிரஷ்ஷால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருந்தேன். டேபிள் பக்கத்தில் போன் பேசக்கூடாது என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன் நான்! வெந்து பதம் கெட்ட துணி அது. யாருடைய பந்து முதலில் வேகமாக ஏறுகிறதோ அவருடைய ஆட்டத்தில் கிழிந்திருக்கும். அவருடைய ஆட்டத்தில் கிழிந்தது.

டேப்பைத் திரும்ப ஒட்டினேன். ஆமாம், ஒட்டினேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் யார் மேலாவது கோபப்பட்டுத் தப்பித்துவிட முடியுமா என்று பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் மேல் கோபப்பட்டேன். போன் செய்த லாட்ஜ்காரர்கள் மேல் கோபப்பட்டேன். மட்டமான இஸ்திரிப் பெட்டி வாங்கிய பாய் மேலும் கோபப்பட்டேன். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் நான் மட்டும் மிச்சமிருந்தேன்.

சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் மாரமங்கலம் பஸ் ஏறினேன். வழி கேட்டு அவர் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஆனால் வழி சொன்ன ஆள், "யாரு, துணி கிழிச்சவரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை எங்கள் ஹாலிலிருந்து ஐந்து மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவன் நான்தான்.

அவர் வாசலில் தார்ப்பாயில் காய்ந்த காபிக் கொட்டையைப் பனி இறங்கும் முன் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன், பெட்டி, பழுப்பு, பேப்பர், மூன்று நாள் மறைத்தது வரை சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இவ்வளவு தூரம் வந்து சொல்கிறேனே, மனம் இளகிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கேட்டு முடித்தார். முகம் கறுத்துவிட்டது. ஆனால் குரல் ஏறவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"ஏனுங்க, இதை எதுக்குங்க இங்க வந்து சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் கிழிக்கலைன்னு. தெரியாதவங்க அங்கதானுங்க இருக்கறாங்க."

கையில் ஒட்டியிருந்த கொட்டைத் தூசியைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"பஸ்ஸுல ஏறினா, துணி கிழிச்சயாமான்னு கேக்கறாங்க. அதுகூடப் போவுதுங்க. உரசுனதச் சொன்னதெல்லாம் நடிப்புன்னு சொல்லிட்டீங்களே, அது நொம்பச் சுடுதுங்க. அத்தன பேரு முன்னால சொன்னீங்க. இப்ப ஆளில்லாத எடமாப் பாத்து வந்து கும்புடறீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி, யார் வந்திருக்கிறார்கள் என்று குரல் கொடுத்தார்.

"பஜாருக்காரரு. கெளம்பறாரு" என்றார் இவர். திரும்பிக் குனிந்து கொட்டையை அள்ள ஆரம்பித்துவிட்டார்.

விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் கிடையாது. எனக்குக் கிடைத்தது அதுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கியது. வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. இவ்வளவு தூரம் போனவனை இப்படியா அனுப்புவது என்று குமைந்தேன். ஏற்காடு வந்து இறங்கும்போதுதான் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்கு, ஹால் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, டேபிள் பக்கத்தில் போய் நின்றேன். பாயை மேலே வரச் சொன்னேன். ஆடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொன்னேன். வழக்கம்போல யாரையோ திட்டப்போகிறேன் என்று நினைத்து எல்லோரும் சலித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். நான் டேப்பைப் பிரித்துக் காட்டி, பேப்பரையும் மேலே வைத்துக் காட்டிச் சொன்னேன். துணியை வேக வைத்தவன் நான் என்றேன். அவர் சொன்னது சத்தியம், நான் சொன்னதுதான் அயோக்கியத்தனம் என்றும் சொன்னேன். அவருடைய ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன். என் காது இரண்டும் எரிந்தன.

யாரும் கைதட்டவில்லை. ஒரு கல்லூரிப் பையன் மட்டும் சத்தமாக, "பெரிய சட்டம் பேசுவாரு" என்றான்.

பாய் குனிந்து அந்தக் கிழிசலை மறுபடி தடவிப் பார்த்தார். "அந்த மனுசனை ஒரு வார்த்தை விசாரிக்காம நானும் செவத்தப் பாத்தனே" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னிடம், "செவத்துல எழுதுனது உங்களுக்கும் சேத்துத்தான் தம்பி" என்றார். புதுத் துணி போடும் வரை நான் குச்சியைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. இரண்டு மாதம். தினமும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தார்கள், சாக்கட்டியைக் கவிழ்த்தார்கள். அந்தக் கல்லூரிப் பையன் என் கண் முன்னாலேயே டீ கிளாஸைக் கொண்டுவந்து டேபிள் விளிம்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு ஞாயிறு தள்ளி மாரமங்கலத்துக்காரர் வந்தார். பாய் அவரைக் கடை வாசலிலேயே கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்து, குச்சியை எடுத்துக் கையில் கொடுத்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். அவர் என்னைக் கடந்து போனார்.

புதுத் துணி வந்து எனக்கும் ஆட்டம் கிடைத்த பிறகு நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் ஹாலில் ஜெயித்தவர் டேபிளில் நிற்பார். சிலேட்டில் அடுத்ததாகப் பேர் எழுதியிருப்பவர் அவரோடு ஆட வேண்டும். ஞாயிறு மதியம் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்து நிற்பார். என் முறை வரும். நான் எழுந்து டேபிள் பக்கம் போனதும் அவர் குச்சியைத் துடைத்து ஸ்டாண்டில் வைப்பார். "டீ குடிச்சுட்டு வரனுங்க" என்று பாயிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். நான் வேறு யாருடனாவது ஆடி முடித்ததும் மேலே வந்து, சிலேட்டில் கடைசியாகத் தன் பேரை எழுதிக்கொண்டு காத்திருப்பார். ஜெயித்து நின்ற டேபிளை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார் மனிதர்.

ஆரம்பத்தில் எனக்குக் கோபம்கூட வந்தது. எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் இவருக்கு என்று பாயிடம் பொருமினேன். "அவரு உங்ககிட்ட எதையும் கேக்கலியே தம்பி" என்றார் பாய்.

மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது. நான் இன்னும் கோபக்காரன்தான், ஈர ஜெர்கினோடு டேபிளில் சாய்கிறவரை இன்னும் சத்தம் போடுகிறேன். ஆனால் என் வாழ்நாளில் நான் கத்தித் தீர்த்த கோபங்களில் ஒன்றுகூட யாரையும் நியாயமான இடத்தில் சுட்டதில்லை என்பதும், குரலை உயர்த்தாமல் டீ குடிக்கப் போகிற ஒருவரின் கோபம் வாரம் தவறாமல் என்னைச் சரியான இடத்தில் சுடுகிறது என்பதும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எதிராளி இல்லாத டேபிள் முன்னால் குச்சியோடு நிற்கும்போது எனக்குத் தெரிகிறது.